கம்பி கழற்றிய கிட்டார்

கார்க் கதவின் கைப்பிடி மறுபடியும் கழன்று ஓட்டைவாயின் கையோடு வந்துவிட்டது.

"அண்ணி, உங்க காருக்கு என் மேல ரொம்பப் பிரியம். தினமும் தன்னோட ஒரு பாகத்தைக் கழட்டிக் கையில குடுக்குது."

"வாயை மூடிக்கிட்டுத் திருகு."

சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் திருக ஆரம்பித்தான். ஓட்டைவாய் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவனிடம் ரகசியம் சொல்லிக் கெட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்தது. அப்படிப்பட்டவனைத் துப்பறியும் தொழிலுக்கு உதவியாளனாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் அவனுடைய அண்ணன் பெண்டாட்டி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், இப்போது தனியாகக் கடை விரித்திருந்தாள். அண்ணன்காரன் வீட்டில் சமைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

"நேத்து அந்த மனுஷன் பேசினதையே நெனச்சுட்டிருக்கேன்" என்றான் ஓட்டைவாய். "கிட்டார்ல எங்க கீறல், எந்த மூலையில வார்னிஷ் உரிஞ்சிருக்கு, எல்லாத்தையும் சொன்னார். அவர் கையை உடைச்சவனைப் பத்தி ஒரு வார்த்தை? 'அவன் யாருன்னு கண்டுபிடிங்க'ன்னு கேட்கவே இல்லையே! எனக்கெல்லாம் கால்ல முள்ளு குத்தினா அந்த முள்ளோட பரம்பரையையே திட்டித் தீர்த்துடுவேன்."

அண்ணி அந்தக் கேள்வியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த மனுஷன் பேஸ் கிட்டார் வாசிப்பவர். பாட்டைக் கேட்கிறவன் பாடுகிறவரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவான். அடியில் நின்று 'தும் தும்' என்று பாட்டையே தோளில் சுமக்கிற அந்தத் தடித்த ஒலி எவனுடையது என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். ரெகார்டிங் தியேட்டர்களில் அவருக்குக் 'கட்டைவிரல்' என்று பெயர். மற்றவர்கள் இரண்டு விரலால் மீட்டும்போது இவர் வலது கட்டைவிரலால் மட்டும் மீட்டுவார். அவருடைய கிட்டார் அந்தக் காலத்து அசல் சரக்கு. அது செய்த வருஷத்துக் கிட்டார்களில் கம்பிகளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைத் திருகி வைத்திருப்பார்கள். மற்ற விரல்களை அந்தக் கட்டையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டலாம். முப்பது வருஷமாக அவர் கிட்டாரையும் மாற்றவில்லை, அதன் கம்பிகளைக்கூட மாற்றவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் அவர் வீடு திரும்பி, பயிற்சி அறைக்குள் கால் வைத்ததும் தலையில் ஒரு போர்வை விழுந்தது. தடுமாறி விழுந்ததில் நெற்றியில் பலத்த அடி. அரை மயக்கத்தில் கிடந்தவரின் வலது கையை யாரோ எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து, கதவைச் சாத்தினார்கள். எழுந்து பார்த்தபோது கிட்டார் இல்லை. அடுத்த மாதம் அவர் ஒரு பெரிய குழுவோடு வருஷம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போவதாக இருந்தது. அதுவும் போயிற்று.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று அண்ணி நேற்று கேட்டிருந்தாள்.

"கட்டுப் பிரிச்சதும் தினமும் பழக்கினா விரல் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புமாம். ஆனா வேற எந்தக் கிட்டார்லயும் என் கை பழகாதும்மா. அது வந்தா நான் மறுபடி வாசிப்பேன். வரலைன்னா நான் இருந்தும் இல்லாதவன்."

அதைச் சொன்னபோது அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கையின் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பிடித்து, மிச்சமிருக்கும் விரலை மட்டும் நீட்டி, பூ கிள்ளுகிற மாதிரி வெட்டினாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் வெட்டி விடறேன். இப்ப சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டு விடறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். என்ன ஒரு பொறுமை, தனக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தால் விரலை உடைத்துக்கொள்ளத் தயார் என்று ஓட்டைவாய் மனசுக்குள் நினைத்துக்கொண்டான். பாவம், அவனுக்கு அப்போது தெரியாது.

கைப்பிடி கதவில் உட்கார்ந்துவிட்டது. அண்ணி தெருவின் எதிர்ப்பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். பெரிய இரும்புக் கதவு போட்ட வீடு. பழைய கிட்டார் வாங்கி விற்கிற வட்டாரத்தில் அந்த வீட்டுக்காரருக்கு 'மியூசியம்' என்று பெயர்.

இங்கே அவர்களை அனுப்பியது கிட்டார் பழுது பார்க்கிற ஒருவர். காலையில் அவர் பட்டறையில் நின்று அண்ணி துருவித் துருவிக் கேட்டபோது அவர் சலிப்போடு ஒன்றைச் சொன்னார். "திருட்டு கிட்டார் எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஒரு வேடிக்கை மட்டும் நடந்துச்சு. மியூசியம் நாலு நாள் முன்னாடி வந்து, அந்த வருஷத்து மரக்கட்டை ஒண்ணு, தேயாதது, தனியா இருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்."

வெளியே வந்ததும் அண்ணி கேட்டாள். "அவர்கிட்ட இருக்கற கிட்டார்ல எல்லாம் கட்டை இருக்கும். புதுசா ஒரு கட்டை எதுக்கு?"

"பல்லுப் போனா பல்லு கட்டற மாதிரி, ஒண்ணு தேஞ்சு போயிருக்கும்."

"தேஞ்சாலும் அசல் பாகத்துக்குத்தான்டா அவங்ககிட்ட மதிப்பு. மாத்தினா விலை போயிடும். அதை எடுத்துட்டுத் தேயாததைப் போடறார்னா, அந்தத் தேய்மானத்தை யாரும் பார்க்கக் கூடாது."

இப்படித்தான் ஒரு விரல் நீள மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இந்தக் கதவைத் தட்ட வந்திருந்தார்கள்.

மியூசியம் வழுக்கைத் தலையும் வெள்ளைக் கையுறையுமாக வந்து திறந்தார். அண்ணி அரை நிமிஷத்தில் விதவையாகிவிட்டாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பரண்மேல் ஒரு பழைய பேஸ் கிட்டார் கிடக்கிறது, என்ன விலைக்குப் போகும் என்று தெரியவில்லை, இவன் என் கொழுந்தன், இவனுக்கும் கொஞ்சம் வாசிக்க வரும். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அண்ணனை நினைத்து ஓட்டைவாய் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"அந்தக் கிட்டாரைத் துடைச்சீங்களா?" மியூசியம் பதறினார்.

"இல்லீங்க."

"அப்பாடா! துடைச்சுடாதீங்க. தூசி கூட அசல் தூசியா இருக்கணும். உள்ள வாங்க."

உள்ளே ஒரே ஒரு நீளமான அறை. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. சுவர் நெடுக பேஸ் கிட்டார்கள் தொங்கின. தேன் நிறம், கறுப்பு, வெயிலில் வெளுத்த சிவப்பு. அவற்றுக்கென்று தனியாகக் குளிர்சாதனம் ஓடியது. மனிதர் உட்கார மூலையில் கிடந்த ஒரே நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது.

"வாசிப்பீங்களா சார்?" என்றான் ஓட்டைவாய்.

"நானா? இதையா?" அவர் காதில் விழக்கூடாதது விழுந்த மாதிரி பார்த்தார். "வாசிக்கறவன்தான் தம்பி கிட்டாருக்கு முதல் எதிரி. வேர்வை, நகம், பெல்ட் கொக்கி. ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் அது கொஞ்சம் சாகுது."

அறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணெய் நிறத்தில் ஒன்று தனியாக நின்றது. அவர் பெட்டியைத் திறந்து, குழந்தையின் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தார். "இவளைப் பாருங்க. செஞ்ச நாள்லேர்ந்து இவ மேல இருக்கற ஒரு திருகைக்கூட யாரும் தொட்டதில்ல. திருகோட தலையில இருக்கற வெட்டைப் பாருங்க, ஒரு சிராய்ப்பு இல்ல. உலகத்துல இப்படி இன்னொண்ணு கிடையாது. பெண்டாட்டி என்னை விட்டுட்டுப் போயிட்டா. நான் இவளை விடல."

"யார் குடுத்து வெச்சவங்களோ" என்றான் ஓட்டைவாய். யாரைச் சொன்னான் என்று விளக்கவில்லை.

அண்ணியின் கண் வேறெங்கோ நின்றிருந்தது. "சார், எல்லாத்துலயும் கம்பி இருக்கு. அது ஒண்ணுல மட்டும் இல்லையே?"

சுவரின் கடைசியில், திரையோரமாக, தேன் நிறக் கிட்டார் ஒன்று மொட்டையாகத் தொங்கியது.

"அது... கம்பி வரணும். சொல்லியிருக்கேன்."

"கம்பி இழுத்துப் பிடிக்கலைன்னா கழுத்து பின்னால வளைஞ்சுடும்னு சொல்வாங்களே? உங்களை மாதிரி ஒருத்தர் ஒரு நாள்கூட அப்படி விடுவீங்களா?"

மியூசியத்தின் வழுக்கையில் லேசாக ஈரம் மின்னியது. "நாளைக்குப் போட்டுடுவேன்."

"அதோட அசல் பெட்டி இருக்கா?"

பழசு சேகரிக்கிற இந்த ஜாதியிடம் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், அசல் பெட்டியைச் சந்தேகப்படக் கூடாது. "பெட்டி இல்லாம நான் எதையும் உள்ளயே விட மாட்டேம்மா!" என்று அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்துத் திறந்துகாட்டினார். உள்ளே ஆரஞ்சு நிற வெல்வெட். நடுவில் மூடி போட்ட சின்ன அறை. அண்ணி இடது காதைச் சொறிந்தாள். அது ஓட்டைவாய்க்கு உத்தரவு.

அவன் சுவரிலிருந்து கறுப்புக் கிட்டார் ஒன்றைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, நாலு கம்பியையும் சேர்த்து ஒரு அறை அறைந்தான். பிறகு தலைப்பக்கத்துக் கீ ஒன்றைப் பிடித்து, ரேடியோவுக்கு ஸ்டேஷன் பிடிப்பவன்போல் முறுக்கத் தொடங்கினான். கம்பி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே மேலே ஏறியது.

"ஐயோ! விடு! விடுடா பாவி!" மியூசியம் பாய்ந்தார். "பழைய கம்பிடா அது! அளவுக்கு மேல முறுக்கினா அறுந்து மூஞ்சியில அடிக்கும். ஒருத்தனுக்குக் கண்ணே போயிருக்கு!"

"ஐயையோ, என் கண்ணா?"

"உன் கண்ணு போனா போகுது, கிட்டார்ல கீறல் விழுமேடா!"

அவர் கறுப்புக் கிட்டாரை அவனிடமிருந்து பிடுங்கி, துடைத்து, தடவி, சமாதானம் சொல்லி, சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது அண்ணியின் கையில், பெட்டியின் சின்ன அறையிலிருந்து எடுத்த ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் சுருட்டி வைத்த நாலு கறுத்த கம்பிகளும் ஒரு சின்ன மரக்கட்டையும் இருந்தன.

"தூக்கிப் போட்டிருக்கலாமே சார்" என்றாள் அண்ணி மிருதுவாக. "குப்பையில எறிஞ்சிருந்தா நான் உங்களை ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"அது... அசல் பாகம்..." என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

"அதானே. அசல் பாகத்தை உங்க கை எறியாது. காவு குடுக்கறதுன்னா உங்களையே குடுப்பீங்க." அவள் கட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். "நாலு விரல் பிடிக்கற கட்டை. முப்பது வருஷம் பிடிச்சுப் பிடிச்சு விரல் அழுந்தின பள்ளம் இருக்கு. எண்ணுடா தம்பி."

"ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதைக் காணோம் அண்ணி."

"கட்டைவிரல்காரருக்கு வலது கையில சுண்டுவிரல் பாதிதான். சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டிப் போயிடுச்சு. இந்தக் கட்டையை எட்டாது. சார், அவரைக் கூட்டிட்டு வந்து இதுல கையை வெச்சுப் பார்க்கலாமா?"

மியூசியம் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. ஆனால் ஆள் ஆடவில்லை. "நான் காசு குடுத்து வாங்கினேன். விக்கறவங்க பேரை நாங்க சொல்றதில்ல. போலீஸைக் கூப்பிட்டுக்கோங்க. வக்கீல் வருவார், வருஷக்கணக்கா இழுப்பார். அதுவரைக்கும் கிட்டார் இங்கதான் இருக்கும்."

"அவர் விரல் போச்சே சார்" என்றான் ஓட்டைவாய். இதில் அவனுக்குக் கிண்டல் வரவில்லை.

"கேள்விப்பட்டேன். வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தக் கட்டைவிரல் இன்னும் பத்து வருஷம் அடிச்சிருந்தா அந்த இடத்துல மரமே ஓட்டையாயிருக்கும். கிட்டார் தப்பிச்சுது." கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

அடப்பாவி! எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்த ஓட்டைவாயே அவரை விட்டு ஓரடி விலகி நின்றான். அண்ணி மட்டும் கோபப்படவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"தம்பி, ஸ்க்ரூடிரைவர்."

வாங்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், வெண்ணெய் நிறக் கிட்டாரின் மேல் குனிந்தாள். யாரும் தொட்டிராத திருகு ஒன்றின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்தாள். கார்க் கதவைத் திருகித் திருகி முனை மழுங்கிப்போன, அளவுக்குப் பெரிய ஸ்க்ரூடிரைவர்.

"வேணாம்!" மியூசியம் எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. "வேணாம்மா! அது அளவு வேற! வெட்டு கிழிஞ்சுடும்!"

"கிட்ட வந்தீங்கன்னா கை வழுக்கும். வார்னிஷ்லயும் ஒரு கோடு விழும். யார் கொண்டாந்து குடுத்தாங்க?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்..."

நுனி வெட்டுக்குள் இறங்கிய சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. மியூசியத்தின் கண்ணிலிருந்து நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. மனிதனுடைய எலும்பு நொறுங்கியதற்கு வராத கண்ணீர், ஒரு திருகுக்கு வந்தது.

"அவர் சம்சாரம்! அந்தம்மாதான்! அவங்களே ஆட்டோவுல கொண்டாந்தாங்க!"

ஓட்டைவாய் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தான்.

"எப்ப?" என்றாள் அண்ணி.

"அன்னிக்குக் காலையில. திருட்டுப் போனதாச் சொல்றாங்களே, அதே நாள். மத்தியானம் எல்லாம் இல்ல, காலையில. வந்த உடனே போட்டோ எடுத்து வெப்பேன், பாருங்க, போன்ல நேரம் இருக்கு." போனை நீட்டிக் காட்டினார். இருந்தது. "காசுகூட அதிகம் கேட்கல. ஒரே ஒரு நிபந்தனை. கம்பியை அவங்க கண் முன்னால கழட்டணும், திரும்ப ஒரு நாளும் மாட்டக் கூடாது, இதோட சத்தம் உலகத்துல யார் காதுலயும் விழக் கூடாது. நான் கழுத்து வளைஞ்சுடுமேன்னு கெஞ்சினேன். வளையட்டும்னாங்க. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"அதுக்காவது உங்களுக்குத் தூக்கம் போச்சே" என்றாள் அண்ணி.

"எல்லாம் சொல்லிட்டேன். எடுத்துட்டுப் போயிடுங்க. இவளை மட்டும் விட்டுடுங்க."

அண்ணி தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை அழுத்தி, ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். வெட்டு கிழிந்து, பளபளவென்று புது உலோகம் தெரிந்தது.

"ஐயோ! நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே!"

"அவர் கை உடைஞ்சதைக் கேள்விப்பட்டும் இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு."

பெட்டியோடு காரில் ஏறிய பிறகும் அந்த அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைவாய்க்கு வழக்கமாக இந்த இடத்தில் நாலு ஜோக் வரும். இன்று மடியில் கிட்டார் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப திருடன்னு ஒருத்தன் வரவே இல்லையா அண்ணி?"

"கிட்டார் காலையிலயே போயாச்சு. மத்தியானம் ஒரு திருடன் எதைத் திருட வருவான்?" அண்ணி கியரை மாற்றினாள். "எனக்கு நேத்தே ஒண்ணு உறுத்திச்சு. நீ யோசி. கதவு இடுக்குல கையை வெச்சு நசுக்கணும்னா ஒரு ரவுடி என்ன பண்ணுவான்? கையை அப்படியே வெச்சுச் சாத்துவான். அவர் கையில மத்த விரல்ல ஒரு சிராய்ப்பு இல்ல. யாரோ நிதானமா, ஒவ்வொரு விரலா மடக்கி வெளிய எடுத்துட்டு, கட்டைவிரலை மட்டும் உள்ள விட்டிருக்காங்க."

நகம் வெட்டிக்கொண்டிருந்த அந்தக் கை ஓட்டைவாயின் கண் முன்னால் வந்து நின்றது. அவன் தன் விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

கட்டைவிரல் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவிதான். கையில் கஞ்சிக் கிண்ணம், தோளில் துண்டு. பெட்டியைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனால் கிண்ணம் தளும்பவில்லை.

"கெடைச்சிடுச்சா?"

"கெடைச்சிடுச்சும்மா. கம்பி மட்டும் தனியாப் பையில இருக்கு."

அவள் புரிந்துகொண்டாள். நடைவழியில் நின்று, உள்ளே இருப்பவருக்குக் கேட்காத குரலில் பேசினாள். "ஒரு வருஷம் போகப் போறார்னு என்கிட்ட சொல்லவே இல்ல, தெரியுமா? இந்தப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிட்டு வந்து மாட்டினார். அதைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் கேட்டதுக்கு, 'நீ வந்து என்ன பண்ணப் போறே'ன்னார். முப்பது வருஷம் இதை மடியில வெச்சுக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டார். நான் கதவுக்கு வெளியதான் இருந்தேன். வயித்துல இருந்த ரெண்டும் கலைஞ்சப்பவும் உள்ள சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு." கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "இப்ப ஒரு வாய் கஞ்சிக்குக்கூட என் முகத்தைப் பார்க்கறார்."

"மத்த விரலை எதுக்கு மடக்கி விட்டீங்க?" என்று ஓட்டைவாய் கேட்டுவிட்டான்.

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அடிபட்டுடுமேப்பா."

உள்ளே பயிற்சி அறையில் கட்டைவிரல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் அழவில்லை, சிரிக்கவில்லை. கிட்டாரை மடியில் வாங்கி, இடது கையால் முழுக்கத் தடவினார். கட்டுப் போட்ட வலது கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். அதன் கழுத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஐயா, இது எப்படி வீட்டை விட்டுப் போச்சுன்னா..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"கிட்டாரைத்தானேம்மா தேடச் சொன்னேன்."

அண்ணி காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

"முப்பது வருஷமா எனக்கு நகம் வெட்டி விடற கை. தலையில போர்வை விழுந்துட்டா அந்தக் கை தெரியாமப் போயிடுமா? சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா மடக்கினா. நகம் வெட்டறப்பவும் அப்படித்தான்." அவர் கிட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவதான்னு தெரிஞ்சதும் நான் கையை இழுத்துக்கல. கதவு சாத்தற வரைக்கும் அவ இதைச் செய்வான்னு நம்பல."

"போலீஸுக்குச் சொல்லணும்" என்றான் ஓட்டைவாய்.

"எதுக்கு? அவளைக் கொண்டுபோய் உள்ள வெச்சுட்டா எனக்குக் கம்பி யார் மாட்டுவா?" முதல் தடவையாக அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "நான் ஒரு கையில மாட்ட முடியாது. அவளைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"வா. வந்து உட்காரு" என்றார் கட்டைவிரல். "இந்த ரூமுக்குள்ள உன்னைக் கூப்பிட்டதே இல்லைன்னு குறைப்பட்டியே. வா."

அவள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். அண்ணி பையை நீட்டினாள். அவர் சொல்லச் சொல்ல, அவள் கறுத்துப்போன கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே கோர்த்து, தலைப்பக்கத்து ஆணியில் சுற்றினாள். நகம் வெட்டுகிற அதே நிதானம். தடித்த கம்பிகள் மூன்றும் ஏறின. கடைசியாக, இருப்பதில் மெல்லியது.

"இந்தச் சுருதிக்கு வரணும்" என்று அவர் தொண்டையில் ஒரு சுரத்தைப் பிடித்துக்காட்டினார். "கிட்ட வா. காதைக் கம்பிக்குப் பக்கத்துல வெச்சுக் கேளு. இவ்வளவு வருஷத்துல நீ இதைக் கிட்ட இருந்து கேட்டதே இல்ல."

அவள் முகத்தைக் கம்பியருகே கொண்டுபோனாள். ஒரு கையால் தட்டி, ஒரு கையால் கீயைத் திருகினாள். தளர்ந்து கிடந்த கம்பி முனகி, பேச ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறியது. அவர் பிடித்துக்காட்டிய சுரத்தைத் தொட்டது. சங்கீதம் தெரியாத ஓட்டைவாய்க்கே அது சேர்ந்துவிட்டது தெரிந்தது.

"இன்னும்" என்றார் கட்டைவிரல்.

அவள் திருகினாள். கம்பி சுரத்தைத் தாண்டி மேலே போயிற்று.

"இன்னும்."

கம்பி கிறீச்சிட்டது. மியூசியத்தின் வீட்டில் கேட்ட அதே சத்தம். ஓட்டைவாய் முன்னால் பாய்ந்தான். அண்ணி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"அண்ணி, அறுந்துடும்! கண்ணுல அடிக்கும்! அந்தம்மாவுக்குத் தெரியாது!"

"தெரியும்டா." அண்ணியின் குரலை அவன் இப்படிக் கேட்டதே இல்லை. "நல்லாப் பாரு. கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்காங்க."

அவள் கண் கொட்டாமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மற்ற மூன்று கம்பிகளையும் அவள் முகத்துக்கு நேரே வராதபடி இடது உள்ளங்கையால் மூடிக்கொண்டார், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

"இன்னும்" என்றார்.

அவள் திருகினாள்.